வைரம் பாய்ந்த கட்டையும் வெண்பூஞ்சையும்

ஒரு பெருங்காட்டில் ஆண்டுதோறும் எத்தனையோ மரங்கள் முதிர்ந்தும் புயலில் முறிந்தும் சாய்கின்றன. அவை விழுந்த இடத்தில் விழுந்தபடியே கிடக்குமானால், நாளடைவில் அக்காட்டிலே ஒரு புதிய விதை வேரூன்றவும் நிலமிராது. மரங்கள் தம் ஆயுட்காலம் முழுவதும் காற்றிலிருந்து ஈர்த்துச் சேர்த்த கரியும் மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்புகளும் மீளா அடகாக அக்கட்டைகளுக்குள்ளேயே முடங்கிப்போக, உயிரோடு நிற்கும் மரங்களும் பட்டினியால் வாட நேரும். அவ்வாறு நேராமல் காத்துவரும் ஜீவராசிகளுள் கறையானும் வண்டுப்புழுவும் நம் கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஆனால் கட்டையின் உள்ளமைப்பையே குலைத்து, அதனுள் சிறைப்பட்ட பதார்த்தங்களை விடுவிக்கும் பெரும்பணியைச் செய்பவை, மயிரிழையினும் நுண்ணிய இழைகளாக அதனுள் ஊடுருவி வாழும் பூஞ்சைகளேயாகும். மழைக்குப்பின் பட்டமரத்தின் மேல் விசிறி விசிறியாகத் தோன்றும் காளான், வித்துகளைப் பரப்புவதற்காக அவ்விழைகள் வெளியே நீட்டும் ஓர் உறுப்பு மாத்திரமே. அதன் உடலெல்லாம் மரத்தின் உள்ளேதான் இருக்கிறது.

அப்பூஞ்சைகள் எதிர்கொள்ளும் தடை எத்தகையது என்று அறிந்தாலன்றி அவற்றின் திறமையை மதிப்பிட இயலாது. மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் பொருளாலானது. 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஆன்ஸெல்ம் பாயென் பிரித்தெடுத்து விவரித்த இப்பொருள், குளுகோஸ் என்ற சர்க்கரையின் மூலக்கூறுகள் ஒரே கிரமத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலியாதலால், அதனைத் துண்டாக்க வல்ல உயிர்களுக்குச் சிறந்த ஆகாரமாகும். மரமோ அந்த ஆகாரத்தைத் திறந்து வைத்திருப்பதில்லை. செல்லுலோஸ் நார்களைச் சுற்றிலும் அவற்றின் இடுக்குகளிலும், 1813-இல் டி கண்டோல் என்ற ஸ்விட்ஸர்லாந்துத் தாவர அறிஞர் லிக்னின் என்று பெயரிட்ட வேறொரு பொருள் புகுந்து இறுகி நிற்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை இதுவே. மரம் வானளாவ நிமிர்ந்து நிற்பதும், வேர் உறிஞ்சிய நீர் உச்சிக்கிளை வரை ஏறும்போது அதனைச் சுமக்கும் குழாய்கள் உட்குழிந்து ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதும் இதன் உபயமே. தேக்கு முதலிய மரங்களின் வைரப் பகுதியிலோ, லிக்னினோடு, பூஞ்சைகளை அண்டவிடாத வேறு ரசாயனப் பொருள்களும் ஊறியிருப்பதால், அக்கட்டைகள் தலைமுறை தலைமுறையாக உத்தரங்களாகவும் நிலைகளாகவும் நின்று உழைக்கின்றன.

லிக்னினின் ஆக்கப் பொருள்கள் மூன்று வகை ஆல்கஹால்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கரியணுக்கள் வளையமாகப் பிணைந்திருக்க, அவ்வளையத்தினின்று மூன்று கரியணுக்கள் வாலாக நீள்கின்றன. இவை ஒன்றுசேரும் விதம் மிகவும் விசித்திரமானது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கார்ல் ஃபிராய்டன்பர்க் பல்லாண்டுகள் ஆராய்ந்து காட்டியபடி, மரத்தின் உயிரணுச் சுவரிலுள்ள நொதிகள் இம்மூலக்கூறுகளிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து, இணையிழந்த எலெக்ட்ரானோடு தத்தளிக்கும் நிலையில் அவற்றை விட்டுவிடுகின்றன. அதன்பின் எது எதனோடு, எந்த இடத்தில், எந்தப் பக்கமாகச் சேரவேண்டும் என்று நியமிப்பார் பெரும்பாலும் இல்லை. எதிர்ப்பட்டவை கூடுகின்றன, கூடியவற்றோடு இன்னும் சில வந்து கூடுகின்றன. பிணைப்புகளில் ஏறத்தாழப் பாதி ஒரு வகையினவாயினும், எஞ்சியவை பல வகைப்பட்டவை. அவற்றுள் கரியோடு கரி நேராகக் கைகோத்த, எளிதில் அறாத பிணைப்புகளும் உள்ளன. செல்லுலோஸ் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்துப் பார்த்தாலும் மற்றொன்றைப் போலவே இருக்கும். லிக்னினிலோ ஒரு துணுக்கைப் போல் இன்னொரு துணுக்கு அமைவதில்லை.

இதனால் விளையும் இடர்ப்பாட்டை எமில் ஃபிஷர் 1894-இல் கூறிய ஓர் உவமையைக் கொண்டு விளக்கலாம். நொதியும் அது செயற்படும் பொருளும் சாவியும் பூட்டும் போல ஒன்றுக்கொன்று வடிவத்தாற் பொருந்தியிருக்க வேண்டும் என்றார் அவர். செல்லுலோஸைத் துண்டிக்கும் நொதிக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். ஒரே வடிவமான கோடிக்கணக்கான பூட்டுகளுக்கு ஒரே வடிவமான சாவி போதும். நிச்சயமான வடிவமே இல்லாத லிக்னினுக்கு எத்தனை சாவிகளைத்தான் ஓர் உயிர் செய்து வைத்துக்கொள்ள முடியும்? இது போதாதென்று, பழுதுபடாத மரத்தின் உயிரணுச் சுவர் மிக நெருக்கமானதாகையால், நொதி போன்ற பருத்த மூலக்கூறு அதனுள் நுழையவும் வழியில்லை.

இவ்விரு தடைகளையும் பூஞ்சைகள் இரண்டு முறைகளில் கடந்திருக்கின்றன. மட்கிக் கிடக்கும் கட்டைகளைக் கையிலெடுத்துப் பார்ப்பவர்களுக்கே அந்த இரண்டும் தெரியும். ஒருவகைக் கட்டை பழுப்பேறி, நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்து, சிறு சிறு கட்டிகளாகப் பிளந்திருக்கும். அதில் ஒன்றைப் பெயர்த்து விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவாக உதிரும். மற்றொரு வகை வெளுத்து, மெத்தென்று, ஈரம் ஊறியதாய், இழுத்தால் நார் நாராகப் பிரியும். இந்த வெளுத்த கட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், பேனாவினால் வரைந்தாற்போன்ற மெல்லிய கருங்கோடுகள் வளைந்து வளைந்து செல்வதைக் காணலாம். ஒரே கட்டையில் குடியேறிய வெவ்வேறு பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பட்ட இடத்தில் தத்தம் எல்லையைக் காத்துக்கொள்ள எழுப்பிய சுவர்கள் அவை. மரம் இற்றுப்போவதற்குப் பூஞ்சையே காரணம், இற்றுப்போன மரத்தில் பூஞ்சை தானாக உற்பத்தியாவதில்லை என்ற உண்மையை 1870-களில் தெளிவாக நிலைநாட்டியவர் ஜெர்மானிய வனநூல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்டிக்.

பழுப்பு அழுகலை விளைவிக்கும் பூஞ்சை லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் கவர்ந்துகொள்கிறது. இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் மரச்சுவருக்குள் சந்திக்கவைத்து, அச்சந்திப்பிற் பிறக்கும் ஹைட்ராக்ஸில் என்ற அதி உக்கிரமான துணுக்கைக் கொண்டு நார்களைச் சிதைத்துவிடுவது அதன் உபாயம். இந்த ரசாயன வினையை ஃபென்டன் என்ற ஆங்கில அறிஞர் விவரித்ததும் ஃபிஷர் தம் உவமையைக் கூறிய அதே 1894-ஆம் ஆண்டில்தான். ஐரோப்பிய வீடுகளின் மரத்தளங்களை அழிப்பதிற் பேர்பெற்ற பூஞ்சை இவ்வினத்தைச் சேர்ந்தது. அதன் உறவினங்கள் இமயமலைக் காடுகளில் இன்றும் இயற்கையாக வாழ்கின்றன. பழுப்பு அழுகற் பூஞ்சைகளின் மூதாதைகள், கட்டையை வெளுக்கச் செய்து லிக்னினையும் சிதைக்கும் வெண் அழுகற் பூஞ்சைகளே என்றும், லிக்னினை அழிக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களை அவை வழியில் இழந்துவிட்டன என்றும் மரபணு ஆராய்ச்சி காட்டுகிறது. குறுக்கு வழி கிடைத்தபின் நெடுவழியின் செலவு வேண்டாமென்று இயற்கை விட்டுவிட்டது போலும்.

வெண் அழுகலின் ரகசியம் வெளிப்படுவதற்கு 1983-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிஸன் நகரில் வனத்துறையினர் நடத்தும் மரப்பொருள் ஆய்வுக்கூடத்தில் மிங் டியென், கென்ட் கிர்க் என்ற இருவரும், ஆரெகன் மாநிலத்தில் மைக்கேல் கோல்டு என்பவரின் குழுவினரும், ஏறத்தாழ ஒரே சமயத்தில், லிக்னினைச் சிதைக்கும் நொதி ஒன்றைக் கண்டறிந்தார்கள். இரு சாராரும் ஆராய்ந்த பூஞ்சை ஒன்றே. காகித ஆலைகளுக்கென்று குவித்து வைக்கப்படும் மரச்சில்லுகள் உட்புறம் சூடேறும்போது, அந்தச் சூட்டிலே செழித்து வளர்ந்து மரத்தைப் பாழாக்கி ஆலைகளுக்குத் தொல்லை தந்துவந்த ஃபானரோகீட்டே கிரைஸோஸ்போரியம் என்ற பூஞ்சைதான் அது. பிற பூஞ்சைகள் தளர்ந்துவிடும் 40 டிகிரி வெப்பத்தில் அது துரிதமாக வளர்வதும், ஆய்வுக்கூடத்தில் எளிதாகப் பெருகுவதும் ஆராய்ச்சியாளருக்கு வாய்த்த பாக்கியம் எனலாம்.

லிக்னின் பெராக்ஸிடேஸ் என்று பெயர் பெற்ற அந்த நொதியின் நடுவே, நமது இரத்தத்தின் செந்நிறப் பொருளில் உள்ளதைப் போலவே, ஓர் இரும்பணு அமர்ந்திருக்கிறது. பூஞ்சை தானே உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு வந்து இந்நொதியிடமிருந்து இரண்டு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டுவிட, நொதி அந்த நஷ்டத்தை ஈடுசெய்துகொள்ள அருகிலுள்ள கரி வளையங்களிலிருந்து ஒவ்வோர் எலெக்ட்ரானாகப் பறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எலெக்ட்ரானை இழந்த வளையமோ ஸ்திரத்தன்மை கெட்டு, தன் பிணைப்புகளைத் தானே முறித்துக்கொண்டு, பிராணவாயுவோடு கூடி, மேலும் மேலும் துண்டுபட்டுச் சிதைகிறது. எந்தப் பிணைப்பு முறியவேண்டும் என்பதை நொதி கட்டளையிடுவதில்லை. லிக்னினை மரம் கட்டிய முறையைச் சற்று நினைவுகூர்ந்தால் இதன் அருமை விளங்கும். ஓர் எலெக்ட்ரானைப் பறித்து, பின்பு நிகழ்வதை நிகழவிட்டு, மரம் லிக்னினைக் கட்டியது. அதே செய்கையினாலேயே பூஞ்சை அதனைக் குலைக்கிறது. வடிவமற்ற பொருளுக்கு வடிவமறிந்த சாவியைத் தேடாமல், வடிவத்தையே பொருட்படுத்தாத ஒரு முறையை அது கைக்கொண்டது. 1987-இல் கிர்க்கும் ஃபாரெல் என்பவரும் எழுதிய ஆய்வுரையில் இதற்கு 'நொதிவழி எரிதல்' என்ற கருத்தில் பெயரிட்டது மிகவும் பொருத்தமானது என்பேன்.

நொதி நுழைய முடியாத சுவருக்குள் இந்த எரிதல் எவ்வாறு எட்டுகிறது? 1984-இல் கோல்டு குழுவினர் கண்ட மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் என்ற மற்றொரு நொதி இதற்கு விடை தருகிறது. அது வளையத்தை நேரே தாக்காமல், மரத்தில் சிறிதளவு உள்ள மாங்கனீஸ் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து அதனை உக்கிரப்படுத்துகிறது. பூஞ்சை கசியவிடும் ஆக்ஸாலிக் அமிலம் அந்த அணுவைத் தாங்கிக்கொள்ள, அது மிகச் சிறியதாகையால் சுவருக்குள் ஊடுருவிச் சென்று வேலையை முடிக்கிறது. மூன்றாவதாக லாக்கேஸ் என்ற நொதியும் பல வெண் அழுகற் பூஞ்சைகளில் உண்டு; செம்பணுக்களைத் தன்னுள் கொண்ட இதற்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வேண்டாம், காற்றிலுள்ள பிராணவாயுவே போதும். பூஞ்சைகளில் இது கண்டறியப்படுவதற்கு முன்பே, 1883-இல், ஜப்பானிய அறிஞர் யோஷிதா, அந்நாட்டின் அரக்குப்பூச்சுக்கு உதவும் மரத்தின் பாலை இறுகச் செய்யும் பொருளாக இதனை விவரித்திருந்தார்.

இவ்வளவு பிரயாசையும் செலவிட்டுப் பூஞ்சை லிக்னினிலிருந்து பெறும் ஆகாரம் என்னவென்று பார்த்தால், ஏறத்தாழ ஒன்றுமில்லை. லிக்னினை மட்டும் உணவாகக் கொடுத்தால் அது வளர்வதில்லை. சர்க்கரையோ செல்லுலோஸோ உடனிருந்தால்தான் லிக்னினைச் சிதைக்கவும் அதற்குச் சக்தி பிறக்கிறது. லிக்னினுக்குள் சிக்கிய செல்லுலோஸை எட்டுவதே அதன் நோக்கம். ஃபானரோகீட்டேயைப் பொறுத்தவரை, சுற்றிலும் நைட்ரஜன் தீர்ந்துபோய்ப் பஞ்சம் தலைகாட்டும்போதுதான் அது இந்நொதிகளைச் சுரக்கத் தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மரத்தில் நூற்றுக்கணக்கான பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜனே இருப்பதால், கட்டைக்குள் வாழும் பூஞ்சைக்குப் பஞ்சமே நித்திய வாழ்க்கை.

இத்திறமை உலகில் எப்போது தோன்றியது என்பது பற்றி ஒரு விவாதம் நடந்துவருகிறது. 31 பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஒரு பன்னாட்டுக் குழு, ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரி யுகத்தின் முடிவை ஒட்டி இந்நொதிகள் தோன்றியிருக்கக்கூடும் என்று 2012-இல் கணக்கிட்டது. அதற்கு முன் மட்காமல் கிடந்த மரங்களே நிலக்கரியாயின என்று பலர் இதிலிருந்து முடிவு கட்டினார்கள். மனத்தைக் கவரும் கதைதான். ஆயினும், அக்காலத்து நிலக்கரியை உண்டாக்கிய தாவரங்களுள் பல லிக்னின் குறைந்தவை என்பதையும், ஈரம் மிகுந்த தாழ்நிலங்களே அவற்றைப் புதைத்துக் காத்தன என்பதையும் 2016-இல் வேறொரு குழுவினர் எடுத்துக்காட்டிய பின், அதை அவ்வளவு எளிதாக ஏற்பதற்கில்லை.

இனி மனிதன் செய்த நஞ்சுகளுக்கு வருவோம். 1874-இல் ஸைட்லர் என்பவர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய டி.டி.டி. என்ற பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் பால் முல்லர் கண்டார். அதற்காக 1948-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மலேரியாவிலிருந்து எண்ணற்ற மக்களைக் காத்த அதே பொருள், குளோரின் அணுக்கள் பொருந்திய கரி வளையங்களைக் கொண்டிருப்பதால் மண்ணில் எளிதில் சிதையாமல் நின்று, புழுவிலும் மீனிலும் பறவையிலும் படிப்படியாகத் திரண்டது. டையாக்ஸின், பாலிகுளோரினேற்ற பைஃபினைல்கள், புகைக்கரியிலும் தாரிலும் உள்ள பென்ஸோபைரீன் ஆகியவையும் இத்தகைய பிடிவாத குணமுள்ளவையே. இயற்கையில் பெரும்பாலும் காணப்படாத வடிவமுடைய இவற்றுக்கு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களிடம் பொருத்தமான சாவி பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்கும் பாக்டீரியாவும் அந்நஞ்சை ஆகாரமாகக் கருதி நொதி சுரப்பதாகையால், நஞ்சு மிகச் சிறிதளவாகக் குறைந்தவுடன் அதன் ஊக்கமும் நின்றுவிடுகிறது.

சாவியே வேண்டாத பூஞ்சைக்கு இத்தடை இல்லை என்று ஊகித்தார்கள், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜான் பம்பஸ், ஸ்டீவன் ஆஸ்ட் முதலியோர். கதிரியக்கக் கரியணுக்களைப் பொதிந்து செய்த டி.டி.டி., லிண்டேன் என்ற மற்றொரு பூச்சிக்கொல்லி, டையாக்ஸின், பென்ஸோபைரீன் முதலியவற்றை, நைட்ரஜன் குறைந்த ஊட்டத்தில் வளரும் ஃபானரோகீட்டேக்கு அவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் ஒரு பகுதி முற்றும் எரிந்து, கதிரியக்கமுள்ள கரியமில வாயுவாக வெளிவந்ததை 1985-இல் அறிவித்தார்கள். லிக்னின் அழிப்புக்கெனத் தோன்றிய ஓர் ஆற்றல், லிக்னினோடு தொடர்பில்லாத நஞ்சுகளின் மேலும் செல்லும் என்பதற்கு அது முதற்சான்றுகளுள் ஒன்று.

பின்னாளில் விஷயம் இன்னும் சிக்கலானது என்று புலப்பட்டது. லிண்டேனில் லிக்னின் போன்ற வளையமே இல்லை, டி.டி.டி.யையோ, பெராக்ஸிடேஸ் நொதிகள் சுரக்காத நிலையிலும் பூஞ்சை ஓரளவு மாற்றிவிடுகிறது. 2004-இல் இப்பூஞ்சையின் ஏறத்தாழ 3 கோடி எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, லிக்னின் பெராக்ஸிடேஸுக்கு 10 மரபணுக்களும் மாங்கனீஸ் வகைக்கு 5 மரபணுக்களும் இருந்ததோடு, நம் கல்லீரலில் மருந்துகளையும் நஞ்சுகளையும் மாற்றும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 150 மரபணுக்களும் இருக்கக் கண்டார்கள். ஆகவே உயிரணுவின் வெளியே எலெக்ட்ரானைப் பறிக்கும் நொதிகளும் உள்ளே இந்நொதிகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று கொள்வதே பொருந்தும்.

ஆய்வுக்கூடத்துக் குடுவையிலிருந்து நிலத்துக்கு வந்த முதற்பரிசோதனைகளுள் ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பென்டாகுளோரோஃபீனால் என்பது, மரத்தைப் பூஞ்சைகள் தின்றுவிடாமல் காப்பதற்காகவே மனிதர் அதில் ஊறவைத்த நஞ்சு. அது தேங்கிப் பாழான விஸ்கான்ஸின் நிலம் ஒன்றில், மரச்சில்லுகளோடு ஃபானரோகீட்டே இனப் பூஞ்சைகளைக் கலந்து வைத்தார்கள் லாமார், டீட்ரிக் என்ற ஆராய்ச்சியாளர்கள். ஆறரை வாரங்களில் அந்நஞ்சு 88 முதல் 91 விழுக்காடு வரை குறைந்துவிட்டதென்று 1990-இல் எழுதினார்கள். தன்னைக் கொல்லச் செய்த நஞ்சையே பூஞ்சை அழித்தது. ஒரு சிறு பகுதி மட்டும் அழியாமல், பென்டாகுளோரோஅனிஸோல் என்ற வேறொரு பொருளாக மாறி நின்றது.

இம்முறை உலகெங்கும் பரவாததற்குக் காரணங்கள் உண்டு. வெண் அழுகற் பூஞ்சை கட்டையில் வாழப் பிறந்தது. மண் அதன் வீடன்று. மண்ணில் அதனை இடும்போது ஆகாரமாக மரச்சில்லையோ வைக்கோலையோ வண்டி வண்டியாகக் கூடவே கொண்டுசெல்ல வேண்டும். காற்றோட்டமும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் அங்கே நெடுங்காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதனை நெருக்கித் தள்ளிவிடுவதுண்டு. நஞ்சு மண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்ட பழைய நிலங்களில், அது நொதிகளின் கைக்கு எட்டுவதே அரிதாகிறது.

வெண் அழுகற் பூஞ்சையை நாடி நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் குடிசைத் தொழிலாகவே வளர்க்கப்படும் சிப்பிக்காளான் இவ்வினத்ததே. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதற்கென்று தனி ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடியவிட்டு, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக நிரப்பி, இடையிடையே காளான் வித்தைத் தூவிக் கட்டித் தொங்கவிட்டால், சில நாட்களில் பையின் உட்புறமெங்கும் வெண்ணூலாகப் பூஞ்சை படர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். காளானை அறுத்தபின் எஞ்சும் வைக்கோல் நிறம் வெளுத்து, கையால் பிசைந்தால் தளர்ந்து இற்றுவிடும். அதிலுள்ள லிக்னினில் ஒரு பகுதி போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். லாக்கேஸும் மாங்கனீஸ் பெராக்ஸிடேஸும் அந்தக் கழிவு வைக்கோலில் இன்னும் மிஞ்சியிருப்பதால், சாய நீரின் நிறத்தைப் போக்க அதனைப் பயன்படுத்தும் ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன.

துணியில் ஏறிய நிறம் வெயிலுக்கும் சோப்புக்கும் மங்காதிருக்கும்படி செய்யப்பட்ட சாயங்கள், அக்காரணத்தாலேயே ஆற்றில் கலந்தபின்பும் மங்குவதில்லை. நொய்யல் ஆற்றங்கரை மக்கள் இதனைப் பல்லாண்டுகள் கண்ணாரக் கண்டு துயருற்றவர்கள். அத்தகைய சாயங்கள் பலவற்றை வெண் அழுகற் பூஞ்சைகள் நிறமிழக்கச் செய்கின்றன என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஆயினும் நிறம் போனதும் நஞ்சு முழுவதும் போயிற்று என்று கொள்ளலாகாது. சாய மூலக்கூறு உடைந்து விழும் துண்டுகளையும் சோதித்தாக வேண்டும். மேலும், சாயம் பருத்தி நூலில் பிடிப்பதற்காகப் பட்டறைகளில் கொட்டப்படும் உப்பை எந்தப் பூஞ்சையும் தின்பதில்லை. நிலத்தடி நீரைக் கெடுத்துப் பயிரைக் கருக்கியதில் அவ்வுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அதனைச் சவ்வுகளினூடே நீரை அழுத்தி வடித்தும், எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியுமே பிரிக்க முடியும். பூஞ்சைகளின் உதவி, அந்தச் சவ்வுகளுக்கு வந்துசேரும் நீரில் நிறப்பொருளின் சுமையைக் குறைத்துத் தருவதோடு நின்றுவிடுகிறது.